பார்மகோமெட்ரிக்ஸ்: ஆன்லைன் முதுநிலையா, வளாகப் படிப்பா, முனைவர் பட்டமா?

மருந்தியல் படித்தவர்கள், மருத்துவர்கள், புள்ளியியல் துறையினர் என்று பல தரப்பினரும் அண்மைக் காலமாக ஒரே கேள்வியோடு வருகிறார்கள். மருந்து உடலில் செயல்படும் விதத்தைக் கணித மாடல்களால் ஆராயும் பார்மகோமெட்ரிக்ஸில் ஆன்லைன் முதுநிலைப் பட்டத்தில் சேரலாமா? வேலையை விட்டுவிட்டு வளாகத்துக்குப் போய்ப் படிப்பது நல்லதா? நேரே முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பித்துவிடலாமா? அல்லது இலவச மென்பொருளை வைத்துக்கொண்டு தாமாகவே கற்றுக்கொள்ள முடியுமா?

எல்லோருக்கும் பொருந்தும் ஒரே விடை இதற்கு இல்லை. ஆனால் விடையைத் தீர்மானிக்கும் கேள்விகள் இரண்டுதான் என்பது என் உறுதியான எண்ணம். உண்மையான நோயாளிகளின் தரவு உங்கள் கைக்கு எட்டுமா? நீங்கள் கட்டும் மாடலைப் படித்துப் பிழை சொல்ல அருகில் ஆள் உண்டா? இவை இரண்டும் ஏற்கெனவே இருப்பவருக்கு ஆன்லைன் பட்டம் அருமையான வழி. இரண்டும் இல்லாதவருக்கு அது பெரும்பாலும் விலை உயர்ந்த பாதி வழி.

## வேலை எப்படிப்பட்டது

மருந்தின் அளவு இரத்தத்தில் எப்படி ஏறி இறங்குகிறது, அது நோயை எவ்வளவு அடக்குகிறது, ஆளுக்கு ஆள் ஏன் மாறுகிறது என்பவற்றைச் சமன்பாடுகளாக எழுதி, யாருக்கு எவ்வளவு டோஸ் என்று முடிவு செய்ய உதவும் துறை இது. ஒரே ஆளிடம் பத்து முறை இரத்தம் எடுக்க வேண்டியதில்லை. நூறு பேரிடம் இரண்டு மூன்று முறை எடுத்தாலே போதும். எல்லாத் தரவையும் ஒன்றாக வைத்து, சராசரியையும் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டையும் சேர்த்தே கணக்கிடலாம். இந்த எண்ணத்தைக் கணினியில் நடத்திக் காட்டியவர்கள், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ வளாகத்தில் பணியாற்றிய லூயிஸ் ஷைனரும் ஸ்டூவர்ட் பீலும். அவர்களின் நான்மெம் மென்பொருள் 1980இல் வந்தது. இன்றும் துறையின் முதன்மைக் கருவிகளில் ஒன்று அது.

இந்தக் கணக்கு எங்கே உயிரைத் தொடுகிறது என்பதற்கு ஒரு எடுத்துக்காட்டு. 10 கிலோ குழந்தையின் எடை 70 கிலோ பெரியவரின் எடையில் ஏறத்தாழ 14 விழுக்காடு. ஆனால் மருந்தை உடல் வெளியேற்றும் திறன், அதாவது கிளியரன்ஸ், எடையின் 0.75 அடுக்கில் மாறுகிறது என்பது துறையில் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் விதி. அதன்படி அந்தக் குழந்தையின் கிளியரன்ஸ் பெரியவருடையதில் சுமார் 23 விழுக்காடு. எடையை மட்டும் பார்த்து டோஸைக் குறைத்தால் குழந்தைக்கு மருந்து போதாமல் போகலாம். பிறந்து சில வாரங்களே ஆன சிசு என்றால் கல்லீரலும் சிறுநீரகமும் இன்னும் முதிராத நிலை. அதையும் சேர்த்தால் கணக்கு எதிர்ப்பக்கம் திரும்பும். இப்படி ஒரு முடிவுக்குப் பொறுப்பேற்கத் தயார் செய்யும் படிப்பைத்தான் தேடுகிறோம் என்பதைத் தேர்வு செய்யும்போது மறந்துவிடக் கூடாது.

## எவற்றை வைத்து எடை போடுவது

ஐந்து அளவுகோல்களை எடுத்துக்கொள்கிறேன். தரவு, வழிகாட்டி, வேலைக்கான கதவு, மொத்தச் செலவு, காலம். இவற்றில் முதல் இரண்டுக்குத்தான் அதிக எடை கொடுப்பேன். ஏன் என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

புள்ளியியல் கணக்குகளுக்கான ஆர் என்ற நிரல் மொழியை நிறுவினாலே, அதோடு தியோஃபிலின் என்ற ஆஸ்துமா மருந்தின் தரவுத்தொகுப்பு ஒன்று வந்துவிடும். 12 பேர், ஆளுக்கு 11 அளவீடுகள், ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும். வாய்வழி மருந்துக்கான எளிய மாடலை அதன்மேல் பொருத்தினால் கிளியரன்ஸ் மணிக்குச் சுமார் 2.8 லிட்டர், பரவல் கொள்ளளவு (மருந்து உடலில் பரவியிருப்பதாகக் கணக்கிடும் கனஅளவு) 32 லிட்டர், உறிஞ்சும் வேகம் மணிக்கு 1.5 என்ற அளவில் விடை வரும். அரை ஆயுள், அதாவது இரத்தத்தில் மருந்து பாதியாகக் குறைய எடுக்கும் நேரம், சுமார் 8 மணி. படம் அழகாக இருக்கும். ஏறக்குறைய எல்லாப் பாடத்திட்டங்களும் இதைப் போன்ற துப்புரவான தரவோடுதான் தொடங்குகின்றன.

மருத்துவமனையிலிருந்து வரும் தரவு இப்படி இருக்காது. மருந்து கொடுக்க வேண்டிய நேரம் காலை 8 மணி என்று தாளில் இருக்கும். நோயாளி விழுங்கியது 9.20க்கு. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினை ஒரு மையம் டெசிலிட்டருக்கு மில்லிகிராமில் எழுதும், இன்னொரு மையம் லிட்டருக்கு மைக்ரோமோலில் எழுதும். இரண்டுக்கும் இடையே 88.4 மடங்கு. இரண்டும் ஒரே நெடுவரிசையில் கலந்து வந்தால் பாதி நோயாளிகளின் சிறுநீரகம் செயலிழந்ததாக மாடல் நம்பிவிடும். சில அளவீடுகள் ஆய்வகக் கருவியால் அளக்க முடியாத அளவுக்குத் தாழ்ந்திருக்கும். அவற்றை வெறுமனே நீக்கிவிட்டால் மருந்து உண்மையைவிட மெதுவாக வெளியேறுவதுபோலத் தோன்றும். இந்தச் சிக்கல்களை அவிழ்த்துப் பழகியவரைத்தான் வேலைக்கு எடுப்பார்கள். நேர்காணலில் ஓரிரு கேள்விகளிலேயே இது வெளிப்பட்டுவிடும்.

வழிகாட்டி ஏன் தேவை என்பதற்கும் அதே அளவு திடமான காரணம் உண்டு. வயது, எடை, பாலினம், மரபணு வகை என்று ஒவ்வொரு காரணியாக மாடலில் சேர்த்துப் பார்க்கும்போது, இலக்குச் சார்பின் மதிப்பு (மாடல் தரவோடு எவ்வளவு பொருந்தாமல் நிற்கிறது என்று காட்டும் எண்) 3.84 குறைந்தால் அந்தக் காரணி 5 விழுக்காடு அளவில் முக்கியத்துவம் உடையது என்று எடுத்துக்கொள்வார்கள். தொடர்பே இல்லாத 20 காரணிகளைச் சோதித்தாலும், சராசரியாக ஒன்று இந்தத் தடையைத் தற்செயலாகத் தாண்டிவிடும். அதை மருந்தியல் கண்ணோடு பார்த்து "இது எப்படி நடக்கும்?" என்று கேட்க ஒருவர் வேண்டும். மென்பொருள் இந்தக் கேள்வியைக் கேட்காது.

## ஆன்லைன் முதுநிலைப் பட்டம்

இதன் பெரும் பலம், வேலையை விட வேண்டியதில்லை என்பது. அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழக மருந்தியல் பள்ளி நடத்தும் ஆன்லைன் முதுநிலை இந்தத் துறையில் நன்கு அறியப்பட்டது. பணியில் இருப்பவர்களை மனத்தில் வைத்தே அது அமைக்கப்பட்டிருக்கிறது. இத்தகைய படிப்புகளில் உடன் படிப்பவர்கள் பெரும்பாலும் மருந்து நிறுவனங்களிலும் ஆய்வு நிறுவனங்களிலும் இருப்பவர்கள். கலந்துரையாடலில் அவர்கள் வாயிலாக வரும் அனுபவம் பாடப்புத்தகத்தில் கிடைக்காது. பாடங்களுக்கு ஒரு வரிசையும் கெடுவும் இருப்பதால் தனியாகக் கற்பவர்கள் தவிர்த்துவிடும் பகுதிகளையும், குறிப்பாகப் புள்ளியியல் அடிப்படைகளை, கட்டாயமாகக் கடந்துதான் ஆக வேண்டும். இது பெரிய நன்மை.

மறைந்திருக்கும் செலவுகளில் முதலாவது நேரம். ஐரோப்பிய முறையில் ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. 60 கிரெடிட் படிப்பு என்றால் 1,500 முதல் 1,800 மணி நேரம். அதை இரண்டு ஆண்டுகளில் பரப்பினால், ஒரு வாரம்கூட விடுப்பு எடுக்காமல் வாரத்துக்கு 14 முதல் 17 மணி நேரம். "பகுதிநேரம்" என்ற சொல் தரும் ஆறுதலை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். நேரடி வகுப்பு வேறு கண்டத்தின் கடிகாரப்படி நடந்தால் அது உங்கள் நள்ளிரவில் வரலாம்.

இரண்டாவது மென்பொருள் உரிமம். நான்மெம் போன்ற வணிக மென்பொருளைப் படிக்கும் காலத்தில் பல்கலைக்கழகம் தரும். படிப்பு முடிந்தால் அந்த அணுகலும் முடியும். நீங்கள் எழுதிய நிரல் உங்களிடம் இருக்கும், ஓட்டிப் பார்க்க வழி இருக்காது.

மூன்றாவது, ஆய்வேட்டுக்கான தரவு. உங்கள் நிறுவனத்தின் தரவைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டப் பிரிவின் அனுமதி, நோயாளிகளின் ஒப்புதல் படிவத்தில் உள்ள வரம்பு, நெறிமுறைக் குழுவின் இசைவு என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கதவுகள் வரும். சேர்வதற்கு முன்பே இதைப் பேசிவிட வேண்டும். நிறுவனமே கட்டணத்தைச் செலுத்தினால், அதற்கு ஈடாக எத்தனை ஆண்டுகள் அங்கேயே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் படித்துப் பாருங்கள்.

வெளிநாட்டில் வேலை தேடும் எண்ணம் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வீட்டிலிருந்தே படிக்கும் பட்டம் மாணவர் விசாவைத் தராது. படிப்பு முடிந்தபின் அந்த நாட்டில் தங்கி வேலை தேடும் அனுமதியும் அதோடு போய்விடும். பிறகு முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போதோ அரசுப் பணிக்கு முயலும்போதோ ஆன்லைன் பட்டத்தை ஏற்பார்களா என்பதைச் சம்பந்தப்பட்ட இடத்தில் எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

யாருக்கு இது சிறந்தது? மருந்து நிறுவனத்தில் உயிரிப் புள்ளியியலாளராகவோ, மருத்துவ மருந்தியல் பிரிவிலோ, மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் மதிப்பாய்வாளராகவோ இருப்பவருக்கு. பக்கத்து அறையில் மாடலிங் குழு இருக்கிறது, ஆனால் அவர்கள் பேசுவது புரியவில்லை என்ற நிலையில் இருப்பவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. மருந்தளவைக் கண்காணிக்கும் பணியில் இருக்கும் மருத்துவமனை மருந்தாளுநருக்கும் நன்றாகப் பொருந்தும். அவரிடம் தரவு நாள்தோறும் வருகிறது. குடும்பப் பொறுப்பால் ஊரை விட்டு நகர முடியாதவர்களுக்கும் இதுவே நடைமுறை வழி. அவர்களின் ஆர்வத்தை யாரும் குறைத்து மதிப்பிட வேண்டாம்.

இளநிலையை இப்போதுதான் முடித்து, எந்த வேலை அனுபவமும் இல்லாமல் "இதை முடித்தால் துறைக்குள் நுழைந்துவிடலாம்" என்று எண்ணுபவருக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை.

## வளாகத்தில் முழுநேர முதுநிலை

ஆய்வுக்குழுவின் நடுவே உட்கார்ந்து கற்பதற்கு ஈடு கிடையாது. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகம் இதற்கு நல்ல சான்று. நான்மெம்மோடு உலகம் முழுவதும் பயன்படும் பிஎஸ்என், எக்ஸ்போஸ் ஆகிய துணைக் கருவிகள் அங்குள்ள குழுவிலிருந்து வந்தவை. அந்தச் சூழலில் உங்கள் மாடல் ஏன் குவியவில்லை, அதாவது கணக்கு ஏன் ஒரு நிலையான விடைக்கு வந்து நிற்கவில்லை என்ற கேள்விக்கு, மதிய உணவு முடிவதற்குள் மூன்று பேரிடம் மூன்று விளக்கங்கள் கிடைக்கும். ஆன்லைனில் அதே கேள்வியைத் தட்டச்சு செய்து மறுநாள் வரை காத்திருக்க நேரும். முழு ஆய்வேடும் ஒரு குழுவுக்குள் நடப்பதால் உண்மைத் தரவு கிடைக்கும் வாய்ப்பு அதிகம். பரிந்துரைக் கடிதம் எழுதுபவருக்கும் உங்களை நேரில் தெரியும்.

செலவில் எல்லோரும் கட்டணத்தையும் வாடகையையும் கணக்கிடுகிறார்கள். இழக்கும் சம்பளத்தைக் கணக்கிடுபவர்கள் குறைவு. நடுத்தரப் பணி நிலையில் இருப்பவருக்கு இரண்டு ஆண்டுச் சம்பளம் கட்டணத்தைவிடப் பெரிய தொகையாக இருக்கக்கூடும்.

இன்னொரு ஆபத்து, பெயரைப் பார்த்து ஏமாறுவது. மருந்தியல் அறிவியல் முதுநிலை என்று பொதுவாக நடக்கும் படிப்பில் மாடலிங் ஓரிரு பாடங்களாக மட்டும் இருக்கும். விளம்பரத்தில் அது முகப்பில் நிற்கும். கடந்த சில ஆண்டுகளின் ஆய்வேட்டுத் தலைப்புகளைக் கேட்டு வாங்குங்கள். அவற்றில் எத்தனை உண்மையில் மாடலிங் சார்ந்தவை என்று எண்ணினால் போதும்.

இளநிலையை முடித்த கையோடு வருபவர்கள், வேறு நாட்டில் குடியேற விரும்புபவர்கள், முனைவர் பட்டம் வேண்டுமா என்று இன்னும் தெரியாமல் அதைச் சோதித்துப் பார்க்க விரும்புபவர்கள் ஆகியோருக்கு இதுவே முதல் தேர்வு.

## முனைவர் பட்டம்

செலவு அதிகம் என்று பலர் இதைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிடுகிறார்கள். உண்மை நேர்மாறாக இருக்கலாம். ஸ்வீடன் போன்ற நாடுகளில் முனைவர் பட்ட மாணவர் பெரும்பாலும் சம்பளம் பெறும் ஊழியர். முதுநிலைக்குக் கட்டணம் செலுத்துகிறோம், இங்கே ஊதியம் பெறுகிறோம். ஜெர்மனியில் பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகமும் போட்ஸ்டாம் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தும் ஃபார்மெட்ரிக்ஸ் முனைவர் திட்டம் மருந்து நிறுவனங்களின் ஆதரவோடு இயங்குகிறது.

வேலைக்கான கதவைப் பொறுத்தவரை இதற்கு இணை இல்லை. பெரிய நிறுவனங்களின் விஞ்ஞானிப் பணிக்கான விளம்பரங்களில் முனைவர் பட்டமோ, ஃபார்ம்.டி. என்ற மருந்தாளுநர் பட்டத்தோடு கூடிய சிறப்புப் பயிற்சியோ கேட்பது வழக்கம். முதுநிலை உள்ளவர்கள் தரவுத் தயாரிப்பு, நிரலாக்கம், துணை மாடலர் போன்ற நிலைகளில் நுழைந்து பிறகு உயர்கிறார்கள். உயர முடியும், ஆனால் நேரம் எடுக்கும்.

விலை காலம்தான். நான்கைந்து ஆண்டுகள், ஒரே மருந்து வகையிலோ ஒரே முறையியலிலோ. வழிகாட்டியோடு ஒத்துப்போகாவிட்டால் அந்த ஆண்டுகள் மிக நீளமாகத் தெரியும். ஆகவே இடம் கிடைத்த மகிழ்ச்சியில் கையெழுத்திடுவதற்கு முன், அதே ஆசிரியரிடம் முடித்தவர்கள் இருவரிடமாவது பேசிவிடுங்கள். புதிய முறைகளை உருவாக்க ஆசைப்படுபவர், வாழ்க்கையில் இன்னும் பெரிய கடப்பாடுகள் இல்லாதவர் என்றால் தயங்காமல் இதற்கு விண்ணப்பிக்கலாம்.

## சுயகற்றலும் குறும்பயிற்சிகளும்

கருவிகளைப் பொறுத்தவரை இப்போது கற்பவர்களுக்கு நல்ல காலம். ஆர் மொழியில் என்எல்மிக்ஸ்ஆர்2, எம்ஆர்ஜிசால்வ் ஆகியவை இலவசம். உடலியல் அடிப்படையிலான மாடலுக்கு பிகே-சிம் இலவசம். நான்மெம் போன்ற இன்னொரு வணிக மென்பொருளான மோனோலிக்ஸ் கல்வி நிறுவனங்களில் உள்ளவர்களுக்குக் கட்டணமின்றிக் கிடைக்கிறது. இந்தத் துறையினர் கூடும் ஐரோப்பாவின் பேஜ் மாநாட்டுக் கட்டுரைச் சுருக்கங்களை யாரும் படிக்கலாம். அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ, பலரின் தரவை ஒன்றாக வைத்துக் கணக்கிடும் இந்த முறைக்காக (மக்கள்தொகை மருந்தியக்கவியல்) வெளியிட்ட வழிகாட்டுதல் 1999இல் வந்து 2022இல் புதுப்பிக்கப்பட்டது. ஒரு மாடல் அறிக்கையில் மதிப்பாய்வாளர் எதைத் தேடுவார் என்பதை அதிலிருந்தே கற்கலாம்.

இல்லாதது இரண்டு. உங்கள் தவறைச் சுட்டிக்காட்டும் ஆள், கற்றதற்கான சான்று. பணியிடத்தில் ஏற்கெனவே மாடலிங் குழு இருந்து, அதன் மூத்தவர் ஒருவர் உங்களைச் சேர்த்துக்கொள்ளத் தயாராக இருந்தால் பட்டமே தேவைப்படாமல் போகலாம். மற்றவர்களுக்கு இது தொடக்கம். எந்த வழியைத் தேர்ந்தாலும், பணம் கட்டுவதற்கு முன் மூன்று மாதம் இதில் செலவிடுங்கள். மேலே சொன்ன தியோஃபிலின் தரவில் அதே விடைகளை வரவழைக்கப் பாருங்கள். வகைக்கெழுச் சமன்பாடும் மடக்கையும் நிகழ்தகவும் எங்கே இடறுகின்றன என்று தெரிந்துவிடும். அந்த இடறலை வகுப்பில் சந்திப்பதைவிட வீட்டில் சந்திப்பது மலிவு. அதைவிட முக்கியம், இரவு பதினொரு மணிக்குக் குவியாத மாடலோடு உட்கார்ந்திருப்பது உங்களுக்குப் பிடிக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | ஆன்லைன் முதுநிலை | வளாக முதுநிலை | முனைவர் பட்டம் | சுயகற்றல் |
|---|---|---|---|---|
| உண்மைத் தரவு | பணியிடத்தைப் பொறுத்தது | ஆய்வேட்டில் கிடைக்கும் | தாராளம் | பொதுவெளித் தரவு மட்டும் |
| வழிகாட்டி | உண்டு, தொலைவில் | அருகில் | நாள்தோறும், ஒருவரை நம்பி | இல்லை |
| வேலைக் கதவு | உள்ளே இருப்பவருக்கு உயர்வு | நுழைவு நிலை | விஞ்ஞானி நிலை | தனியாகப் போதாது |
| மறைந்த செலவு | ஓய்வு நேரம், உரிமம், விசா இன்மை | இழந்த சம்பளம் | நீண்ட ஆண்டுகள் | திருத்தப்படாத தவறுகள் |
| காலம் | சுமார் இரண்டு ஆண்டு, பகுதிநேரம் | ஒன்று முதல் இரண்டு ஆண்டு | நான்கைந்து ஆண்டு | உங்கள் வேகம் |

## கலந்து செல்லும் வழி

சில பல்கலைக்கழகங்களில் முதுநிலையின் முதல் சில பாடங்களைச் சான்றிதழ்ப் படிப்பாகத் தனியே முடித்துவிட்டு, பிறகு அதே கிரெடிட்டோடு பட்டத்தில் தொடரலாம். இரண்டு மனதாக இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பாதியில் நிறுத்தினாலும் கையில் ஒன்று இருக்கும். கிரெடிட் எத்தனை ஆண்டுகள் செல்லும், ஆய்வேடு இழுத்துக்கொண்டால் கூடுதல் கட்டணம் எவ்வளவு என்று மட்டும் முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

துறையின் போக்கும் பொறுமையோடு முடிவெடுக்க இடம் தருகிறது. மாடல் அடிப்படையிலான மருந்து உருவாக்கம் பற்றி நிறுவனங்களோடு முன்கூட்டியே பேசும் சோதனைத் திட்டத்தை எஃப்டிஏ 2018இல் தொடங்கியது. பல நாடுகளின் மருந்து விதிகளை ஒருங்கிணைக்கும் பன்னாட்டு ஒத்திசைவு அமைப்பு (ஐசிஎச்) இதற்கான எம்15 வழிகாட்டுதலின் வரைவை 2024இல் வெளியிட்டது. ஒழுங்குமுறை அமைப்புகளே மாடலைக் கேட்டு வாங்கும் நிலை வந்துவிட்டதால், இந்த ஆண்டுச் சேர்க்கையைத் தவறவிட்டால் எல்லாம் போயிற்று என்ற பதற்றத்துக்குக் காரணம் இல்லை.

ஆன்லைன் பட்டம்தான் என்று முடிவு செய்திருந்தால், கட்டணம் செலுத்துவதற்கு முன் பாடநெறி இயக்குநருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். ஆய்வேட்டுத் தரவு எங்கிருந்து வருகிறது? மாணவர் எழுதிய நிரலை வரிக்கு வரி படிப்பவர் ஆசிரியரா, உதவியாளரா? படிப்பு முடிந்தபின் மென்பொருள் அணுகல் எத்தனை மாதம் நீடிக்கும்? வேலை அனுபவம் இல்லாமல் சேர்ந்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? கடைசியாக, பெயரை நீக்கிவிட்டு, ஆசிரியரின் குறிப்புகளோடு திருத்தப்பட்ட ஒரு மாணவர் பயிற்சித் தாளைக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். "நன்று, 82" என்று மட்டும் எழுதியிருக்கும் தாளுக்கும், "இந்த நோயாளியின் மூன்றாவது அளவீட்டை ஏன் நீக்கினீர்கள்?" என்று ஓரத்தில் கேட்டிருக்கும் தாளுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் பணம் கொடுத்து வாங்கப்போவது.